அசைவது எது? மங்கல் வெளிச்சத்தில் படம் எடுப்பது பற்றி வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதக் கேள்விகள் எல்லாமே பொழுது சாய்ந்த பிறகு எடுக்கும் படங்களைப் பற்றியவை. கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 18–55 மி.மீ. கிட் லென்ஸோடு வந்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் நான்தான் படம் எடுப்பேன். திருவந்திபுரத்தில் விடியற்காலை முகூர்த்தம். மண்டபத்துக்குள் எடுத்ததில் பாதி கலங்கிவிட்டது. ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் அளவை) ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது. கேமராவையே மாற்ற வேண்டுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: கேமரா இருக்கட்டும். முதலில் அந்தக் கலங்கிய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். தூண், மணவறை அலங்காரம் உட்பட எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால், அசைந்தது உங்கள் கை. தூண் கூர்மையாக இருந்து, தாலி கட்டுகிற கை மட்டும் கரைந்திருந்தால், அசைந்தது மாப்பிள்ளை. மணமக்கள் முகம் மங்கி, பின்னால் இருக்கும் நாதஸ்வரக்காரர் பளிச்சென்று இருந்தால், எதுவும் அசையவில்லை. ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றும் பார்வைக்கு ‘பிளர்’தான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. எது அசைந்தது என்று தெரியாமல் லென்ஸ் வாங்கப் போவது வீண் செலவு.

கை அசைவுக்கு: லென்ஸின் மி.மீ. அளவை 1.5-ஆல் பெருக்கி, ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் குறைந்தபட்ச ஷட்டர், அதாவது படம் பதியும் நேரம், நொடியில். 55 மி.மீ. என்றால் 1/80. உங்கள் லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால் 1/20, 1/15 வரைகூட இறங்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த வசதி உங்கள் கையை மட்டும்தான் தாங்கும். எதிரே இருப்பவர் அசைவதை அது தடுக்காது. 1/15-ல் தூண் அழகாக வரும், ஐயர் ஆவியாக வருவார். நின்று போஸ் கொடுப்பவர்களுக்கு 1/80, சடங்கு செய்யும் கைகளுக்கு 1/125, நடந்து வருபவர்களுக்கு 1/200, ஓடும் குழந்தைகளுக்கு 1/320: இதற்குக் கீழே போகாதீர்கள்.

அந்த ஷட்டருக்குப் போதுமான வெளிச்சம் எங்கிருந்து வரும்? கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் வாய் பெரிது). எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ட்யூப்லைட் மட்டும் எரியும் மண்டபத்தில் ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6 வைத்து 1/15 கிடைக்கிறது என்றால், எஃப் 1.8-ல் 1/150 கிடைக்கும். படம் கரைவதும் நிற்பதும் அந்த இடைவெளியில்தான். புதுக் கேமராவுக்கான பணத்தில் சின்னப் பங்குக்கு இந்த லென்ஸ் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். சில கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் உடம்பில் இருக்காது. லென்ஸில் மோட்டார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கையால்தான் திருப்ப வேண்டும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 6 செ.மீ. கண் தெளிவு, காது மங்கல். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருக்கும் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி நின்று எஃப் 2.8 வையுங்கள், ஆழம் ஒரு அடிக்குச் சற்று மேல் கிடைக்கும். குடும்பப் படம் மூன்று வரிசை என்றால் எஃப் 5.6 வேண்டும், அதற்கு ஃப்ளாஷோ வீடியோக்காரரின் விளக்கோ இல்லாமல் முடியாது.

கடைசியாக, புள்ளிகள். நாய்ஸுக்குப் பயந்து ஐஎஸ்ஓ 800-ல் இருட்டாக எடுத்து, வீட்டுக்கு வந்து வெளிச்சம் கூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அதைவிட 3200-ல் சரியான வெளிச்சத்தில் எடுத்தது சுத்தமாக இருக்கும். புள்ளிக்கு அடிப்படைக் காரணம் ஐஎஸ்ஓ பொத்தான் அல்ல, சென்சாரில் (படம் பதியும் சில்லில்) விழுந்த ஒளி போதவில்லை என்பது. நிழல் பகுதியை இழுத்துத் தூக்கினால் அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். அதோடு, திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் புள்ளிகள் ஆல்பத்தில் அச்சாகும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடும். புள்ளி விழுந்த படத்தை எந்த வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டுவார்கள்; கலங்கிய முகத்தை மாட்ட மாட்டார்கள்.

கேள்வி: புதுச்சேரி பீச் ரோட்டில் போனில் எடுத்தால் விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி ஒளிவட்டம் வருகிறது. பனி இல்லாத நாளிலும் அப்படித்தான். போனில் நைட் மோடு இருக்கிறது.
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: லென்ஸைத் துடையுங்கள். கிண்டல் இல்லை, உண்மையாகவே அதுதான் பதில். விரல் எண்ணெயும் கடற்காற்று கொண்டுவரும் உப்புப் படலமும் சேர்ந்தால் ஒவ்வொரு விளக்கும் ஒளிவட்டம் கட்டிக்கொள்ளும். ஒரே திசையில் நீளும் கோடாகத் தெரிந்தால் அது விரலால் இழுத்த எண்ணெய்த் தடம். முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியில் துடையுங்கள். கடற்கரையில் சட்டை நுனியால் துடைத்தால் மணல் கீறும்.

நைட் மோடு ஒரே படம் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கிறது. அதனால் போன் அசையாமல் இருக்க வேண்டும். நடைபாதைச் சுவரில் சாய்த்து வைத்து, 3 நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். பல போன்கள், தாங்கியில் இருப்பதைத் தாமே உணர்ந்து நேரத்தை நீட்டிக்கொள்ளும். நடந்துபோகிறவர்கள் இரண்டு தலையோடும் பாதி உடம்போடும் வருவதும் இந்தச் சேர்ப்பு வேலையால்தான். ஆள் முக்கியம் என்றால் நைட் மோடை அணைத்துவிட்டு, விளக்குக் கம்பத்தின் கீழே அவரை நிறுத்துங்கள்.

ஜூம் வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் டெலி லென்ஸை (தூரத்தை இழுத்துக் காட்டுவதை) கைவிட்டு, பிரதான லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. திரையில் மட்டும் 3 மடங்கு என்று காட்டும். விளக்கு வெள்ளையாக வெடிக்கிறது என்றால் விளக்கின் மேல் விரலைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

கேள்வி: பத்திரிகைகளில் வருகிற மாதிரி வானம் கருநீலமாக, கட்டடம் மஞ்சளாக எனக்கு வருவதே இல்லை. இரவு எட்டு மணிக்குப் போனால் வானம் வெறும் கறுப்பு. டிரைபாட் இருக்கிறது.
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: எட்டு மணிக்குப் போனால் வானம் கறுப்பாகத்தான் இருக்கும். நீங்கள் தேடுவது சூரியன் மறைந்ததிலிருந்து அரை மணிக்குள் வந்து போய்விடும். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியக் காணொளிகளில் ‘ஒரு மணி நேரம்’ என்று சொல்வதை இங்கே நம்பக் கூடாது. அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்க இங்கே 22 நிமிடம் போல ஆகும். அந்த 22 நிமிடத்தில் வானின் வெளிச்சம் நூறில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். கணக்குப் போட்டால், மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரண்டு மடங்கு). ஒரு படத்துக்கு வைத்த அளவு அடுத்த படத்துக்குச் செல்லாது.

புதுச்சேரியில் சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.40-ஐ ஒட்டி, ஜூலைத் தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டி. அதற்கு 20 நிமிடம் முன்பே இடம் பார்த்து, டிரைபாடை ஊன்றி, ஃபோகஸையும் முடித்துவிடுங்கள். மறைந்த 8-ஆவது நிமிடத்திலிருந்து 20-ஆவது நிமிடம் வரை எடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8. ஷட்டர் 3 நொடியில் தொடங்கி 10 நொடிக்குப் போகும். வானமும் விளக்கு பட்ட சுவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்பது இந்த இடைவெளியில் சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் விளக்கு எடுபடாது, அதற்குப் பின்னால் விளக்கு மட்டும் வெடிக்கும்.

திசையும் முக்கியம். நம் கடல் கிழக்கே. மாலையில் கிழக்கு வானம்தான் முதலில் இருளும். ஆகவே காந்தி சிலையையும் சுற்றியுள்ள கல்தூண்களையும் கடல் பின்னணியில் எடுக்க நினைத்தால் முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, பிறகு மேற்கே திரும்பித் தெருக்களுக்குள் போங்கள். அங்கே நீலம் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும். விடியற்காலையில் இதெல்லாம் தலைகீழ். கடல் பக்கம் வானம் வெளுக்க, முன்னால் நிற்பவை எல்லாம் கறுப்பு நிழலுருவாக வரும். படகு, பாறை, தூண்டில்காரர் என்று உருவம் தெளிவானவற்றை அப்போது எடுக்கலாம்.

ஷட்டர் 10 நொடிக்கு மேல் போனால் நடப்பவர்கள் படத்தில் பதியாமல் மறைந்துவிடுவார்கள். 1, 2 நொடியில் பேயாக வருவார்கள். நின்று பேசுபவர்கள் எதிலும் தப்பமாட்டார்கள். பாறையில் மோதும் அலை கோடு கோடாக வழிய வேண்டுமென்றால் 1/4 முதல் 1 நொடி. 8 நொடிக்கு மேல் போனால் அலை பனிமூட்டமாகிவிடும். எங்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும், இரண்டாவதில் எந்த ஊர்க் கடலும் ஒன்றுபோல் இருக்கிறது. வண்டி விளக்குகள் சிவப்புக் கோடாக ஓடும் படத்தை பீச் ரோட்டில் மாலையில் தேடாதீர்கள். அந்த நேரத்தில் வண்டிகளை அங்கே விடமாட்டார்கள்.

டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அசைவு தடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத அசைவைத் தேடி அதுவே அசைத்துவிடுவது உண்டு. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கடற்காற்றில் அது ஆடும். 2 நொடி டைமர் வையுங்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் கண்ணாடி தூக்கும் அதிர்வு 1/15 முதல் 1 நொடி வரையிலான ஷட்டரில்தான் அதிகம் தெரியும். லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். மணலில் ஊன்றினால் கால்களைக் கையால் அழுத்தி இறக்குங்கள். அலை தொடும் இடத்தில், ஒவ்வொரு அலைக்கும் கால் கொஞ்சம் புதைந்துகொண்டே போகும். அங்கே 5 நொடிப் படம் தேறாது.

கேள்வி: ரிசப்ஷன் மேடையில் எடுக்கும் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஒரு படத்தில் இருக்கிறது, அடுத்ததில் இல்லை. கேமரா பழுதா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பழுது இல்லை, விளக்குதான் மினுக்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி.யும் பழைய ட்யூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/500 வைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டு மட்டும் சிக்கும்; சென்சாரின் மேல்பகுதி ஒரு வெளிச்சத்திலும் கீழ்ப்பகுதி வேறொரு வெளிச்சத்திலும் பதியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் அடங்கிவிடும், பட்டை போய்விடும். ‘சைலன்ட்’ எனப்படும் எலக்ட்ரானிக் ஷட்டரை மேடையில் தொடாதீர்கள், அதில் பட்டை இன்னும் மோசம். மெனுவில் ஃப்ளிக்கர் தவிர்ப்பு இருந்தால் போடுங்கள். 50, 60 என்று கேட்டால் 50-ஐத் தேர்ந்தெடுங்கள். வீடியோவுக்கும் 25 பிரேம், 1/50.

மேடையில் பின்னால் நிற்கும் எல்.இ.டி. திரையும் நிறம் மாறும் ‘பார்’ விளக்குகளும் இந்தக் கணக்கில் அடங்காது. அவை மின்சாரத்தின் தாளத்தில் மினுக்காமல் தம் சொந்த வேகத்தில், மிக விரைவாக மினுக்குகின்றன. 1/100-ல் பட்டை போகவில்லை என்றால் 1/80, 1/60 என்று படிப்படியாக இறக்கிப் பாருங்கள். இன்னொன்று: கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் அப்படியே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுவரை நன்றாக வந்த 1/100-ல் திடீரென்று பட்டை தெரிந்தால் ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் எடுத்தால் சுவர் சாம்பலாக, முகம் நீலமாக வருகிறது. வேறு தெருக்களில் முகம் ஒரே ஆரஞ்சு. நிறத்தை எப்படிச் சரி செய்வது?
— வாசகி, வில்லியனூர்

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய். முதலாவதில் கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானே சரிக்கட்டும் வசதி) ஏமாறுகிறது. படம் முழுக்க மஞ்சள் சுவரைக் கண்டதும், வெளிச்சமே மஞ்சள் என்று எண்ணி, சரிக்கட்ட நீலத்தை ஊற்றுகிறது. ஆட்டோவை விட்டுவிட்டு, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணை நீங்களே வையுங்கள். மஞ்சள் பல்பு எரியும் தெருவில் 3200-லிருந்து 3800 வரை. முழுக்கச் சரிசெய்யாமல் கொஞ்சம் மஞ்சளை விட்டுவைத்தால்தான் அந்தத் தெரு அந்தத் தெருவாக இருக்கும். வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு என்றால் 4500-ஐ ஒட்டித் தொடங்குங்கள்.

இரண்டாவது, சோடியம் விளக்கு இன்னும் எரியும் தெருக்கள். அதன் நிறம் 2000 கெல்வினை ஒட்டியது; பல கேமராக்கள் 2500-க்குக் கீழே இறங்காது. ‘ரா’வில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்தால் கணினியில் 2000 வரை இறக்கலாம். ஆனால் அந்த விளக்கில் நீலம், பச்சை ஒளியே மிகக் குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. பச்சைப் பட்டுப்புடவை மண் நிறமாகத்தான் வரும். அங்கே கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். முகத்தில் ஒரு விளக்கு, பின்னால் வேறொரு விளக்கு என்று கலந்திருந்தால் முகத்தின் நிறத்தைச் சரிசெய்துகொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் என்றால் ஒன்றை அணைத்துவிடலாம்.

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று மகள் அகல் ஏற்றுவதை விளக்கொளியிலேயே எடுக்க வேண்டும். முகம் தெரிந்தால் சுடர் வெள்ளைத் திட்டாகிறது, சுடர் தெரிந்தால் முகம் கறுப்பு.
— வாசகி, புதுப்பாளையம்

பதில்: ஒரு அகல் சுடர் ஒரு மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் அதிலிருந்து ஓர் அடி தள்ளி இருந்தால், எஃப் 2, ஐஎஸ்ஓ 3200-ல் 1/30 போலத்தான் கிடைக்கும். சிறு பெண் 1/30 நொடி அசையாமல் இருப்பது சந்தேகம். ஐந்து அகலைச் சட்டகத்துக்குள்ளேயே நெருக்கி வைத்தால் 1/150 வந்துவிடும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. ஆனால் சுடர் அருகே கூந்தலும் பாவாடைத் தாவணியும் வரும் விளையாட்டு வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. ஒரு தாம்பாளத்தில் ஏழெட்டு அகல் வைத்து மகள் கையில் ஏந்தாமல், தரையில் வைத்து அவர் குனிந்து ஏற்றட்டும். கீழிருந்து நேராக வரும் வெளிச்சம் முகத்தைப் பயமுறுத்துவதாகக் காட்டும். தாம்பாளத்தைக் கொஞ்சம் முன்னால், ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தால் கன்னமும் கண்ணும் சரியாகும்.

முகத்துக்கும் சுடருக்கும் உள்ள வித்தியாசத்தை முழுதாகப் போக்க முடியாது; குறைக்கலாம். இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். வாசற்படியில், வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும்போதே முதல் விளக்கை ஏற்றச் சொல்லுங்கள். கார்த்திகை மாதத்தில் அது ஆறு மணியை ஒட்டி வரும். அந்த வானொளி முகத்தின் நிழல் பக்கத்தை மெல்லத் தூக்கிக் கொடுக்கும். ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது), சுடரை விட்டுவிட்டு, கன்னத்தில் வைத்து அளந்து, அதிலிருந்து 2/3 ஸ்டாப் குறையுங்கள். சுடரின் நடுப்பகுதி வெள்ளையாகப் போவது இயல்புதான். ஓரத்தில் ஆரஞ்சு இருந்தால் போதும். வடகிழக்குப் பருவக் காற்றில் சுடர் படுத்துவிடும். காற்று வரும் பக்கம் ஒரு பலகையோ ஆளோ மறைவு வேண்டும். வெள்ளைப் பலகை கிடைத்தால் அதுவே ஒளியைத் திருப்பியும் தரும்.

கேள்வி: கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் எடுக்கப் போனேன். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஷட்டர் விழவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், செம்மண்டலம்

பதில்: ஆட்டோ ஃபோகஸ் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலுள்ள ஓரத்தை. இருட்டான சட்டையின் நடுவில் புள்ளியை வைத்தால் அதற்குப் பிடிமானம் இல்லை. காலர் ஓரம், கூடையின் விளிம்பு, படகில் எழுதிய பெயர், இப்படி ஏதாவது ஒரு கோட்டில் வையுங்கள். பழைய டி.எஸ்.எல்.ஆர்.களில் நடுப் புள்ளிதான் பலமானது. அதை மட்டும் பயன்படுத்தி, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டகத்தை நகர்த்துங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால், அதே தூரத்தில் இருக்கும் பல்பில் ஃபோகஸ் செய்து, லென்ஸை எம்.எஃப்.புக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிடுங்கள். நீங்களும் அவரும் நகராதவரை அது நிற்கும். டிரைபாட் இருந்தால் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, கையால் திருப்புவதே மிகத் துல்லியம். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியில் நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். பல லென்ஸ்கள் அதையும் தாண்டித் திரும்பும்.

கேமராவில் எரியும் சிவப்பு உதவி விளக்கை அணைத்து வையுங்கள், மீன் ஏலத்தின் நடுவே அது எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். மீனின் வெள்ளிச் செதில் பல்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். 2/3 ஸ்டாப் குறைத்தே எடுங்கள். ஏலம் எடுக்கும் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் முகத்தில் ஃப்ளாஷ் அடித்தால் கிடைக்கும் வசவு அச்சில் வராது.

கேள்வி: ஏ.சி. அறையிலிருந்து கேமராவோடு வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்தாலும் மறுபடி படிகிறது.
— வாசகர், புதுச்சேரி நெல்லித்தோப்பு

பதில்: துடைக்காதீர்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும்வரை காற்றின் ஈரம் படிந்துகொண்டேதான் இருக்கும். நம் கரையோரத்துக் கோடை இரவில் காற்றின் பனிப்புள்ளி (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24, 25 டிகிரி. உங்கள் அறை 22-ல் இருந்தால் ஆவி படியாமல் எப்படி இருக்கும்? புறப்படுவதற்கு முன், அறைக்குள்ளேயே, கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள். வெளியே வந்து 30, 40 நிமிடம் கழித்து உறையைத் திறந்தால் ஈரம் உறையின் மேல்தான் இருக்கும். காரில் போனால் கடைசி 20 நிமிடம் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். ஆவி படிந்த நிலையில் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் சென்சாரில் படியும். ஏற்கெனவே மாட்டிய லென்ஸோடு அப்படியே வெளியே ஒரு மேசையில் வைத்துவிட்டு டீ குடியுங்கள்.

வீட்டில் துணி அலமாரிக்குள் கேமராவை வைக்காதீர்கள், ஃபங்கஸ் பிடிக்கும். மூடி இறுகும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்க வேண்டும்.

கேள்வி: இரவுப் படங்களில் விளக்குக்கு எதிர்ப்பக்கம் பச்சையாக இன்னொரு விளக்கு, அதுவும் தலைகீழாக.
— வாசகர், பண்ருட்டி

பதில்: லென்ஸ் முன்னால் மாட்டிய யுவி ஃபில்டரைக் கழற்றுங்கள். சென்சாரிலிருந்து திரும்பிய ஒளி ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் பட்டு மறுபடி உள்ளே வருகிறது. கடல் சாரல் அடிக்கும் இடத்தில் பாதுகாப்புக்காக மாட்டலாம். விளக்கு சட்டகத்துக்குள் வரும்போது கழற்றிவிட வேண்டியதுதான்.

கேள்வி: சில்வர் பீச்சில் பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழுவதை எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டு மட்டுமே வருகிறது.
— வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: நிலா பகல் வெயிலில் கிடக்கும் பாறை. மேலே ஏறிய முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 போதும். இரவு என்று கேமரா ஒரு நொடி திறந்து வைத்தால் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். அடிவானத்தில் சிவந்து நிற்கும்போது மட்டும் இதைவிட 2 முதல் 4 ஸ்டாப் கூட்டித் தர வேண்டும்.

நிலாவுக்குச் சரியாக வைத்தால் கடலும் படகும் கறுப்பாகிவிடும். இதற்குக் கேமராவில் வழி தேடாதீர்கள், நாளை மாற்றுங்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் நிலா முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே எழும்; சூரியன் மறையும்போது அது கடலுக்கு மேலே நன்றாக ஏறியிருக்கும். கடலிலும் கரையிலும் இன்னும் வெளிச்சம் இருப்பதால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். கண்ணுக்கு முழு நிலாவாகவே தெரியும்.

அளவு விஷயத்தில்: லென்ஸின் மி.மீ.யை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலாவின் விட்டம் வரும். 55 மி.மீ.யில் அரை மி.மீ. மட்டுமே. 300 மி.மீ. இருந்தால் 2.7 மி.மீ., அதாவது உங்கள் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. தன் விட்டம் அளவை நிலா 2 நிமிடத்தில் கடந்துவிடும், 300 மி.மீ.யில் அரை நொடிக்கு மேல் திறந்தால் ஓரம் கரையும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தெருக்கூத்தை விடிய விடிய எடுக்க ஆசை. என்ன அளவுகள் வைப்பது?
— வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: எம் முறை (ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்களே வைப்பது), ஷட்டர் 1/250, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சம் 6400. வேகமாகச் சுழன்று ஆடும்போது 1/500. பாட்டுக்கும் வசனத்துக்கும் நிற்கும்போது 1/125-க்கு இறக்கி ஐஎஸ்ஓவைக் காப்பாற்றுங்கள். சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, அரிதாரம் பூசிய முகத்தை வெள்ளையடித்துவிடும். 1 ஸ்டாப் குறைத்து வையுங்கள். கிரீடத்திலும் தோள் அணிகளிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் மின்னி வெடிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முகம்தான் கணக்கு.

விளக்கு உச்சியில் கட்டியிருந்தால் கிரீடத்தின் நிழல் கண்ணை மூடும். அடவு முடிந்து தலை நிமிரும் நொடிக்குக் காத்திருங்கள். ஒரு பாட்டு கேட்டாலே அந்தத் தாளம் பிடிபட்டுவிடும், அதை முன்கூட்டியே கணித்து அழுத்தலாம். நேர் எதிரே உட்காருவதைவிட விளக்குக்கு 45 பாகை பக்கவாட்டில் உட்கார்ந்தால் முகத்தில் மேடு பள்ளம் தெரியும். ஒரு சில படங்களுக்கு 1/25 வைத்து, ஆடுபவரோடு கேமராவையும் சுழற்றிப் பாருங்கள். பாவாடை விரிந்து கரைய, முகம் மட்டும் நிற்கும் படம் பல தடவை அழுத்தினால்தான் ஒன்று தேறும், ஆனால் கூத்தின் வேகம் அதில்தான் இருக்கிறது. ஃப்ளாஷ் வேண்டாம். கண் கூசி அடவு தப்பினால் அது ஆடுபவருக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: அப்படியானால் ஃப்ளாஷை எங்கேயும் பயன்படுத்தக் கூடாதா?
— வாசகர், அரியாங்குப்பம்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள், அவ்வளவுதான். வெள்ளைக் கூரை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் மேலே திருப்பி அடியுங்கள். ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60, ஃப்ளாஷ் 1 ஸ்டாப் குறைவு, பின்னணியும் இருட்டாகாது. மண்டபத்துக் கூரை 6 மீட்டர், அதிலும் சிவப்புத் துணி விரித்திருந்தால் மேலே போன ஒளி பாதி திரும்பாது, திரும்பியதும் சிவப்பாக வரும். அங்கே பக்கத்து வெள்ளைச் சுவரில் அடியுங்கள். மஞ்சள் பல்பு எரியும் இடத்தில் ஃப்ளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டினால் முகமும் பின்னணியும் ஒரே நிறத்துக்கு வரும்.

கேள்வி: இரவில் எடுக்கும்போது கேமராத் திரையில் பளிச்சென்று இருக்கும் படம், மறுநாள் கணினியில் இருட்டாக இருக்கிறதே?
— கல்லூரி மாணவி, பரங்கிப்பேட்டை

பதில்: இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும். திரையின் வெளிச்சத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து, நடுவுக்குச் சற்றுக் கீழே நிரந்தரமாக வையுங்கள். படத்தை நம்பாமல் ஹிஸ்டோகிராமை நம்புங்கள்; இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. இரவுப் படத்தில் மேடு இடப்பக்கம் குவிவது இயல்பு. ஆனால் இடச் சுவரில் முட்டி வெட்டுப்பட்டு நின்றால் நிழலில் ஒன்றும் பதியவில்லை. 1 ஸ்டாப் கூட்டி இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குகளால் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு எழும்பினால் அதை விட்டுவிடுங்கள்.